நிலத்தின் சபையில் இடம் யாருக்கு? மரக்காணம் கடற்கரையிலிருந்து இரட்டைமலை சீனிவாசனை வாசித்தல்

மாமல்லபுரத்தைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால், செய்யூர், இடைக்கழிநாடு பகுதிகளுக்குப் பின் மரக்காணம் வருகிறது. சங்க இலக்கியம் குறிப்பிடும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பக்கிங்ஹாம் கால்வாய் தன் நெடும்பயணத்தை முடித்துக்கொள்வதும் இப்பகுதியில்தான். கழுவெளியின் உவர்நீரும் கழிமுகமும் சூழ்ந்த இந்நிலத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கோடையில் பாத்தி கட்டி, உவர்நீர் பாய்ச்சி, உப்பை வாரிக் குவிக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் கிடையாது. தலித்துகளும் பிற ஏழைச் சாதியினரும் இங்கே கூலிக்கு உழைக்கிறார்கள். மழை தொடங்கியதும் அந்தக் கூலியும் நின்றுபோகிறது.

நிலமுடையோர் சங்கம், குத்தகைதாரர் சங்கம், பாசன சங்கம் என்று எந்தப் பெயரில் இயங்கினாலும், இத்தகைய அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் தகராறுகள் எழுவது தமிழகம் முழுவதும் வழக்கம். தலைவர் யார், கணக்கு யார் கையில், பொதுக்குழு முறைப்படி கூட்டப்பட்டதா, பொது வாய்க்காலை யார் தூர்வாருவது என்று அவை நீளும். அவை செய்தியாகும்; பதிவாளர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகும். இரு தரப்புக்கும் வழக்குரைஞர்கள் இருப்பார்கள். ஆனால் அந்த நிலத்தில் உழைப்பவர் அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இருப்பதில்லை. உறுப்பினராக நிலம் வேண்டும். நிலம் இல்லாதவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவருக்கு நிலத்தைப் பற்றிய முடிவில் பங்கு இல்லை.

இந்த வட்டம் நேற்று உருவானதன்று. மரக்காணத்துக்கு வடக்கே அடுத்திருக்கும் மதுராந்தகம் பகுதியில் பிறந்த ஒருவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதை வெளியிலிருந்து உடைப்பதற்கே செலவிட்டார். இரட்டைமலை சீனிவாசனை வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற தலைவராக, அம்பேத்கரின் தோழராக நாம் நினைவுகூர்கிறோம். நிலத்தை ஆளும் அவைகளில் யார் அமர்வது, அமர்பவரை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை முப்பது வயதிலிருந்து எண்பது வயது வரை விடாமல் பின்தொடர்ந்தவராகவும் அவரை நாம் அறிய வேண்டும்.

மிராசு என்னும் சங்கம்

சீனிவாசன் பிறந்த தொண்டை மண்டலத்தில் ஊர் என்பது நிலமுடையோரின் கூட்டமைப்பாகவே இயங்கியது. தமிழில் காணியாட்சி என்று வழங்கிய உரிமைக்குப் பிற்காலத்தில் மிராசு என்ற பெயர் நிலைத்தது. ஊரின் நிலம் பல பங்குகளாகக் கணக்கிடப்பட்டிருக்கும். பங்குடையவர்கள் மிராசுதாரர்கள். ஒருவரே எல்லாப் பங்கையும் வைத்திருந்தால் ஏகபோகம்; பங்காளிகள் நிலத்தைப் பொதுவில் வைத்து அவ்வப்போது மாற்றிப் பிரித்துக்கொண்டால் பசுங்கரை; நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் சென்னை ஆட்சியருமான எல்லிஸ், இந்த உரிமை குறித்து அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 1818இல் வெளிவந்தன. மிராசு பற்றிய பிற்கால விவாதங்கள் பலவும் அதிலிருந்தே தொடங்குகின்றன.

பங்காளிகளுக்குள் சச்சரவு ஓயவில்லை. யாருக்கு எத்தனை பங்கு, தரிசு யாருடையது, வெளியூரிலிருந்து வந்து பயிரிடும் பாயக்காரிக்கு என்ன உரிமை என்பவை கம்பெனி காலத்திலிருந்தே ஆட்சியரிடமும் வருவாய் வாரியத்திடமும் நீதிமன்றங்களிடமும் வழக்குகளாகச் சென்றன. அந்த வழக்குக் கட்டுகளில் சேரி மக்கள் அரிதாகவே மனுதாரராகத் தோன்றுகிறார்கள். படியாள், பண்ணையாள் என்ற பெயர்களில் நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டவர்களாகவே அவர்கள் அங்கு இருக்கிறார்கள்.

இந்த அமைப்பின் பிடி இரண்டு முனைகளில் இறுகியிருந்தது. முதலாவது வீட்டுமனை. சேரி அமைந்திருந்த நத்தத்தையும் மிராசுதாரர்கள் தமதென்றே கோரினர். வேலைக்கு வர மறுத்தால் குடிசையையும் இழக்க வேண்டும். இரண்டாவது தரிசு நிலம். பயிரிடப்படாத அரசு நிலத்தைக் கேட்டு யாரும் தர்க்காஸ்து கொடுக்கலாம் என்பது விதி. ஆனால் மிராசு கிராமங்களில் மிராசுதாரருக்கே முன்னுரிமை. சேரியைச் சேர்ந்த ஒருவர் மனுக் கொடுத்தால், அதுவரை அந்நிலத்தை ஏறெடுத்தும் பாராத மிராசுதாரர் முன்னுரிமையைக் காட்டித் தடுத்துவிடலாம். இவ்வாறு நிலமில்லாதவர் நிலம் பெறுவதற்கான அனுமதியே நிலமுடையவர் கையில் இருந்தது.

கோழியாளத்திலிருந்து

சீனிவாசன் மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் ஜூலை 7ஆம் நாள் பிறந்தார். பிறந்த ஆண்டு 1859 என்றும் 1860 என்றும் நூல்களில் காணப்படுகிறது. தந்தையின் பெயர் இரட்டைமலை. வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, குடும்பம் முதலில் தஞ்சைப் பகுதிக்கும் பின்னர் கோயம்புத்தூருக்கும் இடம்பெயர்ந்தது. அவருடைய வளரிளம் பருவத்தில்தான் 1876–78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மரக்காணம் வரை நீளும் அக்கால்வாயில் பின்னர் உப்பும் விறகும் படகுகளில் சென்றன.

கோவையில் அவர் படித்த கல்வி நிலையத்தில் ஏறக்குறைய 400 மாணவர்கள் இருந்தனர். ஏறத்தாழ பத்துப் பேரைத் தவிர எல்லோரும் பிராமணர்கள் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் பதிவுசெய்கிறார். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களோடு பழகாமல் ஒதுங்கியே இருந்தார். பின்னர் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனத்தில் கணக்கராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். மூத்த சிந்தனையாளர் அயோத்திதாசர் அவருடைய சகோதரியின் கணவர். நீலகிரி அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் அரசியல் சிந்தனை முளைவிட்ட இடங்களுள் ஒன்று. ஊர் மிராசின் பிடி அங்கு இல்லை. தோட்டங்களிலும் அலுவலகங்களிலும் கூலியும் சம்பளமும் காசாகக் கிடைத்தன. ஊரை விட்டு வெளியேறியவருக்கே ஊரின் அமைப்பு முழுமையாகத் தெரியவந்தது என்று நாம் கருத இடமுண்டு.

சபையும் இதழும்

1890இல் சென்னைக்கு வந்த சீனிவாசன் அடுத்த ஆண்டு பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். சபை என்ற சொல்லை நாம் இங்கே கவனிக்க வேண்டும். ஊரில் சபை என்றால் காணியுடையோர் கூடுவது. காணி இல்லாதவர்கள் தமக்கென ஒரு சபை அமைத்து, அதில் தீர்மானம் நிறைவேற்றி, அரசுக்கு மனு அனுப்பியது அன்றைய ஒழுங்கைத் தலைகீழாக்கிய செயல். மிராசுதாரரைத் தாண்டி அரசிடம் நேரடியாகப் பேசுவதற்கான வாயிலை அது திறந்தது.

1893 அக்டோபரில் பறையன் என்ற பெயரிலேயே இதழைத் தொடங்கினார். இழிவாக வீசப்பட்ட பெயரை இதழின் தலைப்பாக்கியது குறித்து அக்காலத்திலேயே கருத்து வேறுபாடு இருந்தது. அயோத்திதாசர் வேறு பெயர்களை முன்வைத்தார். மாத இதழாகத் தொடங்கிய அது சில மாதங்களில் வார இதழாகி 1900 வரை வெளிவந்தது. 1896இல் இதழில் வந்த ஒரு கடிதத்துக்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவருடைய மக்கள் நீதிமன்றத்துக்குத் திரண்டு வந்து அந்தத் தொகையைச் செலுத்தினர். நிலம் இல்லாத மக்கள் தம் அமைப்புக்குத் தாமே பொருள் கொடுத்துக் காத்த நிகழ்வு அது.

அதே 1893இல் மற்றொரு சர்ச்சை எழுந்தது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியது. பிரிட்டிஷ் மக்களவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. சீனிவாசன் இதை எதிர்த்தார். 112 அடி நீளமும் 3,412 கையொப்பங்களும் கொண்ட மனு நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. இதைக் கொண்டு அவரைத் தேச விரோதி என்று பழித்தவர்கள் உண்டு. அவருடைய வாதத்தை நிலத்தின் பக்கமிருந்து பார்த்தால் அதன் தருக்கம் விளங்கும். அன்றைய கல்விநிலையில் இந்தியாவில் தேர்வு நடந்தால் ஆட்சியர் நாற்காலியில் அமரப்போவது நிலமும் கல்வியும் கொண்ட உயர்சாதியினரே. ஊரில் மிராசுதாரர், கர்ணம், மணியக்காரர், வட்டத்தில் தாசில்தார், அவர்களுக்கு மேல் ஆட்சியரும் அதே வட்டத்தைச் சேர்ந்தவர் என்றால், சேரியிலிருந்து வரும் தர்க்காஸ்து மனுவை வாசிப்பதற்கு வெளியார் ஒருவரும் இருக்கமாட்டார். அந்த நிலைப்பாட்டோடு உடன்படாதவர்களும் அது எழுப்பிய அச்சத்துக்கு விடை சொல்லியாக வேண்டும்.

1892

சபை தொடங்கிய அதே 1891இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் தம் மாவட்டத்துப் பறையர் நிலை குறித்த அறிக்கையை அரசுக்கு அளித்தார். வீட்டுமனை வழியாகவும் தர்க்காஸ்து விதிகள் வழியாகவும் மிராசுதாரர்கள் சேரி மக்களை எவ்வாறு பிணைத்து வைத்திருந்தனர் என்பதை அந்த அறிக்கை விரிவாகக் காட்டியது. வருவாய் வாரியத்துக்குள் எதிர்ப்பும் ஐயமும் எழுந்தன. மிராசுதாரரின் பழைய உரிமையில் கைவைத்தால் அமைதி குலையும், வரி வருவாய் பாதிக்கும் என்ற அச்சம் அதிகாரிகளிடம் இருந்தது. விவாதங்களுக்குப் பின் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த 1010 எண்ணிட்ட வருவாய்த் துறை ஆணைகளே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை.

இந்த நிலங்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளைச் சட்ட மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே மாற்ற முடியும். மீறினால் அந்த மாற்றம் செல்லாது; அரசு நிலத்தை மீட்கலாம். நிபந்தனை தெளிவாக இருந்தும் நிலம் கைமாறியது. ஏனெனில் அதைக் கண்காணிக்க வேண்டிய ஊர்க் கணக்கு பரம்பரைக் கர்ணத்தின் கையில் இருந்தது. மணியக்காரரும் கர்ணமும் பெரும்பாலும் நிலமுடைய சாதியினர். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அலுவலர் முறை 1980இல்தான் ஒழிக்கப்பட்டது. பஞ்சமி நிலம் வழங்கப்பட்டதற்கும் அதன் கணக்கு அந்தப் பரம்பரையின் கையைவிட்டு நீங்கியதற்கும் இடையே 88 ஆண்டுகள் கடந்திருந்தன.

மரக்காணத்துக்கு வடக்கே, மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் இந்நிலத்தை மீட்கப் போராடியவர்கள் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டை எதிர்கொண்டனர். ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். ஆணை பிறந்த மாவட்டத்திலேயே, ஆணை பிறந்து 102 ஆண்டுகளுக்குப் பின் இது நடந்தது.

கடல் கடந்த காலம்

சீனிவாசன் 1900இல் லண்டன் சென்று தம் மக்களின் நிலையை நேரில் எடுத்துரைக்கும் எண்ணத்தோடு புறப்பட்டார். பயணம் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பின்னர் தென்னாப்பிரிக்காவிலும் நின்றது. நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள் அங்குக் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது, அவர்களின் சொல் நீதிபதியின் காதுக்குச் சென்று சேர இத்தகைய மொழிபெயர்ப்பாளர்களையே நம்பியிருந்தது. 1921இல் அவர் தாயகம் திரும்பினார்.

அதற்குள் சென்னையில் நிலைமை மாறியிருந்தது. 1919 சட்டத்தின்படி சென்னைச் சட்டமன்றம் விரிவடைந்திருந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்தது. ஒடுக்கப்பட்டோர் நலனைக் கவனிக்கத் தொழிலாளர் ஆணையர் பதவி உருவாகியிருந்தது. எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் முதல் தலித் உறுப்பினராக அமர்ந்திருந்தார்.

நிலமுடையோருக்கு 6, நிலமற்றோருக்கு 5

அந்தச் சட்டமன்றத்தின் கட்டமைப்பு நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. அதில் நிலக்கிழார்களுக்கெனத் தனித் தொகுதிகள் இருந்தன, 6 இடங்கள். நிலக்கிழார்கள் தமக்குள் வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தனர். ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் தொடக்கத்தில் 5 இடங்கள். அவை ஆளுநரின் நியமனம். பொதுத் தொகுதிகளிலும் வாக்குரிமை சொத்தையும் வரியையும் சார்ந்திருந்தது. சுமார் 4 கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர் ஏறத்தாழ 12.5 லட்சம் பேர் மட்டுமே. ஊர் மிராசின் விதியே மாகாணத்தின் விதியாகவும் இருந்தது. நிலமுடையவர் தேர்ந்தெடுத்தார், நிலமற்றவர் பிறர் தயவில் நியமிக்கப்பட்டார்.

சீனிவாசன் 1923இல் நியமன உறுப்பினராக உள்ளே நுழைந்தார். நியமனம் என்பதால் வாயடைத்து அமரவில்லை. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடையில்லை என்று அரசு அறிவிக்க வேண்டுமென 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1925 பிப்ரவரியில் அரசாணையாக வெளியிடப்பட்டது. தீர்மானத்தை ஊருக்குள் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளுடையது. அவையோ நிலமுடையோர் கையில். அறிவிப்பு மட்டும் போதாது என்பதை உணர்ந்தவர்களுள் மற்றொரு தலித் உறுப்பினரான வீரையனும் ஒருவர். தடுப்பவருக்குத் தண்டனை விதிக்கும் சட்டத் திருத்தத்தை 1926இல் அவர் கொண்டுவந்தார். உரிமையை அறிவிப்பதும் அதை மீறுபவரைத் தண்டிப்பதும் இரண்டு தனி வேலைகள் என்ற பாடம் நமக்கு அங்கிருந்தே கிடைக்கிறது.

1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர் என்று அரசுப் பட்டங்கள் அவருக்கு வந்தன. பட்டம் பெற்றவர் என்பதால் அவரை அரசின் ஆள் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அன்றைக்கு மிராசுதாரரும் சமீன்தாரும் அதே பட்டங்களோடு அதே அவையில் அமர்ந்திருந்தனர். கோழியாளத்துச் சேரியில் பிறந்தவர் அவர்களுக்குச் சமமாக எழுந்து நின்று தீர்மானம் முன்மொழிந்ததே அங்கு நிகழ்ந்த மாற்றம்.

லண்டனும் பூனாவும்

1930இல் நாடு உப்பைப் பற்றிப் பேசியது. தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பு அள்ளியவர்கள் சிறை சென்றனர். 1805இலிருந்து சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமாக இருந்து வந்தது. அந்த வரியை எதிர்ப்பது நியாயமான போராட்டம். உப்பளத்தில் கூலிக்கு நிற்பவருக்கு அந்த அளத்தில் என்ன உரிமை என்ற கேள்வி மட்டும் அப்போது தேசத்தின் கேள்வியாகவில்லை. அதே ஆண்டின் இறுதியில் எழுபது வயதான சீனிவாசன், அம்பேத்கருடன் முதல் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். அரசர் ஐந்தாம் ஜார்ஜ் கைகுலுக்க முன்வந்தபோது, தாம் தீண்டத்தகாதவர் என்று கூறித் தயங்கி நின்று, தம் நாட்டின் நிலையை அவருக்கு உணர்த்தினார் என்ற செய்தி நம் மக்களிடையே இன்றும் வழங்கிவருகிறது.

இருவரும் சேர்ந்து அளித்த கோரிக்கை அறிக்கை வழக்குரைஞர்களாகிய நாம் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய ஆவணம். சமக் குடியுரிமை, தீண்டாமைக்குத் தண்டனை, அவைகளில் போதிய பிரதிநிதித்துவம், தனித் தொகுதி ஆகியவற்றோடு, சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்றும் அது கோரியது. உரிமை கேட்பவருக்கு வேலை தர மறுப்பது, கடையில் பொருள் தர மறுப்பது, குடியிருப்பைப் பறிப்பது என்பவை நிலமுடையோரின் ஆயுதங்கள். மிராசு ஊரிலிருந்து வந்தவருக்கு அவை புதியவையல்ல. அந்தக் கோரிக்கை இந்தியச் சட்டத்தில் முழுமையாக இடம்பெற, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் 3(1)(இசட்.சி.) பிரிவு சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்குகிறது.

1932 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட வகுப்புவாரித் தீர்ப்பு தனித் தொகுதியை ஏற்று, சென்னை மாகாணத்துக்கு 18 இடங்கள் ஒதுக்கியது. காந்தியின் உண்ணாநோன்புக்குப் பின் செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. சீனிவாசனும் அதில் கையொப்பமிட்டார். சென்னைக்கான இடங்கள் 30 ஆக உயர்ந்தன. ஆனால் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. தலித் வாக்காளர்கள் முதல் சுற்றில் நால்வரை முன்மொழிவார்கள். இறுதித் தேர்வு கூட்டுத் தொகுதியின் கையில். இடம் கூடியது, இடத்தில் அமர்பவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் குறைந்தது. 1937 தேர்தலில் அந்த 30 இடங்களில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் வென்றது. அதே அவையில் நிலக்கிழார்களுக்கு மட்டும் 6 தனித் தொகுதிகள் தொடர்ந்தன. தனித் தொகுதி நாட்டைப் பிளக்கும் என்ற வாதம் நிலக்கிழார்களுக்குப் பொருந்தாமல் போனது எப்படி என்று நாம் கேட்க வேண்டும்.

1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். சென்னை ஓட்டேரியில் அவருடைய நினைவிடம் உரிமைக்களம் என்ற பெயரில் அமைந்திருக்கிறது.

இன்றைய சட்டமும் பழைய கேள்வியும்

வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்துவிட்டது. நிலக்கிழார் தொகுதிகள் மறைந்துவிட்டன. ஊராட்சிகளில் 73ஆம் திருத்தத்துக்குப் பின் பட்டியல் சாதியினருக்குத் தலைவர் பதவிகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்த ஒதுக்கீட்டை ஏற்க மறுத்து மேலவளவில் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997இல் வெட்டிக் கொன்றனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து ஆண்டுகள் தேர்தலே நடத்தவிடவில்லை. இத்தனைக்குப் பிறகாவது ஊராட்சியில் நாற்காலி நமக்குரியது என்பது சட்டமாக நிற்கிறது.

ஊராட்சிக்கு வெளியே நிலத்தையும் நீரையும் ஆளும் அமைப்புகளில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் நிலவுடைமையாளரே உறுப்பினர். வாரத்துக்குப் பயிரிடுபவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் அங்கு வாக்கு இல்லை. கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுக்களில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடமும் பெண்களுக்கு இரண்டு இடங்களும் வேண்டும் என்று 97ஆம் திருத்தம் கூறியது. மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற காரணத்தால், மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. உப்பு உற்பத்தியின் கட்டுப்பாடு மத்தியப் பட்டியலின் 58ஆம் இனத்தில் அடங்குகிறது. உப்பளத் தொழிலாளியின் நலனோ மாநிலத்தின் தலையில். மழைக்காலத்தில் வேலையிழக்கும் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்க மாநில அரசு முன்வந்தது வரவேற்கத்தக்கது. நிவாரணம் பெறுபவர் பயனாளி. குத்தகையைப் பற்றி முடிவெடுப்பவர் வேறொருவர்.

மற்றோர் இடைவெளியும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவு, ஊராட்சியிலோ நகராட்சியிலோ பதவி வகிக்கும் தலித் உறுப்பினரைக் கடமையாற்றவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. கூட்டுறவுச் சங்கம், பாசன சங்கம், குத்தகைதாரர் சங்கம் ஆகியவற்றின் நிர்வாகக் குழுவில் அமர்ந்த தலித் உறுப்பினர் மிரட்டப்பட்டால் இந்தப் பிரிவு பயன்படாது. சாதிப் பெயரால் இழிவுபடுத்தியதை, நிலத்தைப் பறித்ததை, புறக்கணித்ததைக் குற்றமாக்கும் வேறு பிரிவுகளையே நாம் நாட வேண்டியிருக்கிறது. கணக்கைக் காட்ட மறுப்பதும் கூட்ட அறிவிப்பை அனுப்பாமல் விடுவதும் பெரும்பாலும் இப்பிரிவுகளில் சிக்குவதில்லை.

ஆகவே சீனிவாசனின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் கோரிக்கைகள் தெளிவானவை. அரசுக்குச் சொந்தமான உப்பள நிலங்களில் குத்தகை புதுப்பிக்கப்படும்போது, அங்கு உழைக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை வேண்டும். தர்க்காஸ்தில் மிராசுதாரருக்கு இருந்த முன்னுரிமையை உழைப்பவர் பக்கம் திருப்புவதே இதன் பொருள். பாசன சங்கங்களில் வாரக் குடியானவருக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் உறுப்புரிமையும் வாக்கும் வேண்டும். மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தில் நிர்வாகக் குழு இடங்கள் ஒதுக்கப்படும்போது, அந்த இடத்துக்குரியவரை நிலமுடையோரின் பெரும்பான்மை தேர்ந்தெடுக்காதவாறு தேர்தல் முறை அமைய வேண்டும். பூனாவில் இழந்தது அதுவே. 3(1)(எம்) பிரிவின் பாதுகாப்பு நிலத்தையும் நீரையும் ஆளும் எல்லா அமைப்புகளுக்கும் விரிவுபட வேண்டும். செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களின் பஞ்சமி நிலப் பதிவேடுகள் ஊர்வாரியாக வெளியிடப்பட வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இந்தப் பணியில் உடனே சேர முடியும். உங்கள் ஊரில் ஏரியை நிர்வகிக்கும் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பஞ்சமி நிலத்தின் பழைய அ-பதிவேட்டைக் கேளுங்கள். உப்பளக் குத்தகை யார் பெயரில், எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். 3,412 பேரின் கையொப்பத்தைத் திரட்டி 112 அடி நீள மனுவைக் கடல் கடந்து அனுப்பியவரின் வழியில், மனு எழுதுவதிலிருந்தே நாமும் தொடங்கலாம்.